பாலம்பூரில் விளைச்சல் பூஜ்யமானது ஏன்?

இமாச்சலப் பிரதேசத்துப் பாலம்பூரில் மக்காச்சோளமும் கோதுமையும் மாறிமாறி விதைத்து, 1972 முதல் ஒரு நீண்டகால உரச் சோதனை நடந்துவருகிறது. சில பாத்திகளுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும். சிலவற்றுக்குத் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) மூன்று சத்துகளும். இன்னும் சிலவற்றுக்கு அந்த மூன்றோடு தொழு உரமும். தழைச்சத்து மட்டும் போட்ட பாத்திகளில் மகசூல் ஆண்டுக்காண்டு இறங்கி, கடைசியில் ஒன்றுமே விளையாமல் போனது. தொழு உரமும் சேர்த்த பாத்திகளில் இன்றும் நல்ல விளைச்சல். தழைச்சத்து தரும் யூரியா மண்ணைக் கொன்றுவிட்டது என்று முடித்துவிடலாம்தான். ஆனால் ரசாயனத் தழைச்சத்து அந்த நல்ல பாத்திகளுக்கும் போகிறதே!

மண்ணில் விழும் யூரியா முதலில் அம்மோனியமாக உடைகிறது. அதை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. நைட்ரேட்டைப் பயிர் உறிஞ்சிக்கொண்டால் அந்த அமிலம் பெருமளவு ஈடாகிவிடும். உறிஞ்சாமல் விட்டால் மழைநீரோடு கீழே இறங்கும். போகிற போக்கில் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். பாலம்பூர் மண்ணுக்கு இயல்பிலேயே புளிப்பு, மழையும் அதிகம். பி.எச். (புளிப்பு ஏற ஏறக் குறையும் அளவு) 5-க்குக் கீழே இறங்கினால் களிமண்ணில் கிடக்கும் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். வேர் குட்டையானால் நைட்ரேட் இன்னும் மிஞ்சும், அமிலம் இன்னும் ஏறும். தொழு உரம் கால்சியத்தைத் திருப்பித் தருகிறது. அதன் மட்கு அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சுண்ணாம்பு கலந்த கரிசலில் இவ்வளவு சுலபமாகப் புளிப்பு ஏறாது.

அப்படியானால் எரு மட்டும் போதுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் அடித்தால், அதில் தழைச்சத்து அரை சதவீதம், அதாவது 25 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலேயே ஏறத்தாழ 21 கிலோ இருக்கிறது. எருவில் உள்ளதில் முதல் போகத்துக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். நெல்லுக்கு ஏக்கருக்கு 50, 60 கிலோ வேண்டும்.

எருவின் வேலை வேறு இடத்தில் தெரியும். நெல்லிக்காய் அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை எரு கண்ட வயலிலிருந்தும், இன்னொன்றை எருவே காணாத வயலிலிருந்தும் எடுத்து, தனித்தனிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். எரு காணாத கட்டி சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்து சேறாகும். மற்றது குமிழி விட்டபடி கட்டியாகவே நிற்கும். நுண்ணுயிர்ப் பசையும் பூஞ்சை இழைகளும் அதைக் கட்டிப் போட்டிருக்கின்றன. மழையில் மேல்மண் இறுகி ஓடு கட்டுவதும் கட்டாததும் இதைப் பொறுத்ததுதான். (சோடியம் மிகுந்த களர் மண் எருவைக் கண்டாலும் பாலாகக் கலங்கலாம். அதற்கு ஜிப்சம் வேண்டும்.)

எருவையும் கெடுத்துக்கொள்ள முடியும். வயலில் குவியல் குவியலாகக் கொட்டி வாரக்கணக்கில் வெயிலில் விட்டால், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். இறைத்த அன்றே உழுது மூடவேண்டும். வைக்கோல் அடையாளம் தெரிகிற மட்காத எருவென்றால் சிக்கல் வேறு: அதில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்வதால் இளம்பயிர் சில வாரங்களுக்கு வெளிறி நிற்கும். அந்த எருவை விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே போட்டு, ஈரம் காயாமல் மட்கவிட வேண்டும்.