"மாவு டார்டில்லா"ன்னு ஒரு பண்டமே கிடையாது

"வீட்டிலேயே மாவு டார்டில்லா செய்வது எப்படி"ன்னு ஒரு தலைப்பு திரும்பத் திரும்ப கண்ணுல படுது. டார்டில்லான்னு இவங்க எழுதுறது மெக்சிகோக்காரங்க வட்டமா மெலிசா கல்லுல சுடுற பண்டத்தை, சரியாச் சொன்னா டோர்ட்டியா. ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோணுறது ஒண்ணுதான், மாவு இல்லாம டார்டில்லா வேற எதுல செய்வாங்க, மண்ணுலயா? நம்ம தெருவுல "மாவு இருக்கா"ன்னு கேட்டா கடைக்காரர் ஃப்ரிட்ஜைத் திறந்து இட்லி மாவு பாக்கெட்டைத்தான் எடுத்து நீட்டுவாரு. அரிசி மாவு வேணும்னா அரிசி மாவுன்னு சொல்லணும், கடலை மாவு, ராகி மாவு எல்லாமே அப்படித்தான். வெறும் "மாவு"ன்னு சொன்னா தமிழ்ல அது கோதுமையைக் குறிக்கவே குறிக்காது. தப்பே அங்கதான் ஆரம்பிக்குது.

முதல்ல சொல்லை முடிச்சிடறேன். ஸ்பானிஷ்ல டோர்ட்டான்னா வட்டமான அடை, கேக் மாதிரி எதுவானாலும். அதோட "இயா" சேர்ந்தா சின்னதுன்னு அர்த்தம், ஆக டோர்ட்டியான்னா சின்ன அடை. ஸ்பெயின்ல இன்னிக்கும் டோர்ட்டியா கேட்டா முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட ஆம்லெட்தான் வரும். 1519ல ஸ்பெயின் படைத்தலைவர் கோர்ட்டெஸோட கூட்டம் மெக்சிகோவுல போய் இறங்கினப்போ அங்க ஜனங்க மக்காச்சோளத்துல வட்டமா தட்டிச் சுட்டு சாப்பிட்டுட்டு இருந்தாங்க, அவங்க நாவாட்டில் மொழியில அதுக்குப் பேரு த்லாஷ்கல்லி. வந்தவங்களுக்கு வாயில நுழையல, தனக்குத் தெரிஞ்ச டோர்ட்டியாவையே அது மேல ஒட்டிட்டுப் போயிட்டாங்க. அதாவது இந்தச் சொல்லே ஒரு அவசர மொழிபெயர்ப்பு, அது வேற விஷயம்.

கோதுமை அந்த மண்ணுல கிடையாது, ஸ்பெயின்காரங்க கொண்டு வந்தது. ஹுவான் கர்ரிடோன்னு ஒரு ஆப்பிரிக்கர் அந்தப் படையோட வந்தவர், அங்க முதல்முதலா கோதுமை விதைச்சது தான்தான்னு 1538ல அரசருக்குப் போட்ட மனுவுல எழுதியிருக்காரு. வடக்குல சொனோரா, சிவாவா பக்கம் கோதுமை நல்லா பிடிச்சுக்கிச்சு, அதனால அங்க கோதுமையிலயும் டோர்ட்டியா வந்துச்சு. சொனோராவுல ஒரு வகை இருக்கு, முன்னங்கை மேல போட்டு வீசி வீசி இழுப்பாங்க, காகிதம் மாதிரி மெலிசா ஒரு கை நீளத்துக்கு வரும், அதுக்குப் பேரு சொபாகேரா, அக்குள்ங்கிற சொல்லுல இருந்து வந்த பேரு. சிலருக்கு அந்தப் பேரு கூச்சம், "தண்ணி டோர்ட்டியா"ன்னு நாகரிகமா சொல்லிக்கிறாங்க.

இப்படி ரெண்டு ஆனதால பிரிச்சுச் சொல்ல வேண்டி வந்துச்சு. மக்காச்சோளத்துல செஞ்சது ஒண்ணு, "அரினா"வுல செஞ்சது ஒண்ணு. ஸ்பானிஷ்ல அடைமொழி இல்லாம அரினான்னு சொன்னா பொதுவா கோதுமை மாவுதான், இங்கிலீஷ்ல ஃப்ளவர்னாலும் அதேதான். நம்ம மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்தாரு, ஃப்ளவர்னா மாவு, எழுதினாரு, போயிட்டாரு. அந்தச் சொல் அங்க எந்த வேலை செஞ்சுட்டு இருந்துச்சோ (எந்த தானியம்னு சொல்ற வேலை) அது தமிழ்ல மொத்தமா காணாமப் போச்சு. "கோதுமை டோர்ட்டியா"ன்னு எழுதியிருந்தா முடிஞ்சது. இல்ல, கடையில என்ன வாங்கணும்னு புரியணும்னா "மைதா டோர்ட்டியா", ஏன்னா தவிடு நீக்கின வெள்ளை மாவுதான் அதுக்குப் போடுறது.

இதையாவது சோம்பேறித்தனம்னு விட்டுடலாம். "சோள ரொட்டி"ன்னு எழுதுறவங்களை என்ன பண்றது? இது தமிழ்ப்பற்றுல பண்றது, அதனாலதான் எனக்கு எரிச்சல் ஜாஸ்தி. டோர்ட்டியான்னாலே சோளம்னு எங்கயோ படிச்சிருக்காங்க, உடனே தனித்தமிழ்ங்கிற பேர்ல சோள ரொட்டின்னு ஆக்கிட்டு கீழ செய்முறையில "மைதா 2 கப்"ன்னு போடுறாங்க. சோள ரொட்டியில சோளத்தைத் தேடுனா ஒரு பொட்டு கூட கிடையாது! அது கிடக்கட்டும், சோளம்னா தமிழ்ல என்னது? நம்ம புஞ்சைக் காட்டுல விளையற வெள்ளைச் சோளம், செஞ்சோளம், சோளச்சோறுன்னு பெரியவங்க சாப்பிட்டது. அது ஆப்பிரிக்காவுல இருந்து வந்த தானியம். மெக்சிகோக்காரன் சாப்பிடறது மக்காச்சோளம், அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ரெண்டும் வேற வேற செடி, ஒண்ணுல கதிர் உச்சியில வரும், இன்னொண்ணுல தண்டுப் பக்கத்துல மட்டையோட வரும். சோள ரொட்டின்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு, வட கர்நாடகாவுக்குப் போனீங்கன்னா ஜோளத ரொட்டின்னு கையால தட்டிப் போடுவாங்க, கத்திரிக்காய் எண்ணெகாயோட அமிர்தமா இருக்கும். அவங்க பேரைப் பிடுங்கி மெக்சிகோவுக்கு எதுக்குக் கொடுக்கணும்? "ரொட்டி"யும் தமிழ் கிடையாது, வடக்கே இருந்து வந்த சொல்லு. தமிழ்நாட்டுல பாதிப் பேருக்கு அது பேக்கரி ரொட்டி, இலங்கையில தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி. ஆக இந்த "தூய தமிழ்" ஆக்கத்துல முதல் பாதி தானியமே தப்பு, ரெண்டாம் பாதி தமிழே இல்ல.

சரி, மக்காச்சோளம்னு திருத்திக்கிட்டா மக்காச்சோள டோர்ட்டியாவுக்காவது பொருந்துமான்னா அதுவும் அரைகுறைதான். அங்க மக்காச்சோளத்தைக் காயவச்சு நேரா மாவாக்கறது இல்ல. சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு, ராத்திரி பூரா ஊறப்போட்டு, மேல்தோல் கழண்டதும் அலசி, ஈரமாவே அம்மியில அரைக்கிறது. அந்தச் சுண்ணாம்பு இல்லன்னா மாவு ஒட்டிப் பிடிக்காது, தட்டும்போதே விண்டு போயிடும். கோதுமைக்கு இந்த வேலையே வேண்டாம், அதுலயே இழுவை இருக்கு. செய்முறையே இவ்வளவு தூரம் விலகி நிக்குற ரெண்டு பண்டத்துக்கு ஒரே பேரை வைக்கிறவங்க அடுப்படிப் பக்கம் போயிருப்பாங்களான்னு சந்தேகமா இருக்கு.

அடுத்த கோஷ்டி "மெக்சிகன் சப்பாத்தி". மெக்சிகோவுல சப்பாத்தி வேணும்னா அந்த நாட்டுக் கொடியிலயே இருக்கு, கழுகு உக்காந்திருக்கே அந்தச் சப்பாத்திக்கள்ளி, அதோட நிறுத்திக்கலாம். பார்க்க ஒரே மாதிரி வட்டமா இருக்குன்னுதானே சொல்றீங்க, பிசைஞ்சு பாருங்க. 250 கிராம் மைதா, முக்கால் டீஸ்பூன் உப்பு, 60 கிராம் கொழுப்பு. அங்க பன்றிக் கொழுப்பு போடுவாங்க, நமக்கு வெண்ணெயோ வனஸ்பதியோ போதும். தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியே கொழுப்பை உலர்ந்த மாவுல விரல் நுனியால தேய்ச்சுக்கிட்டே இருக்கணும், புட்டு மாவு பதம் இருக்கு பாருங்க, பிடிச்சா பிடியணும் உதிர்த்தா உதிரணும், அது வரைக்கும். அப்புறம்தான் தண்ணி, அதுவும் கை பொறுக்குற சூட்டுல, 130ல இருந்து 150 மில்லி, கொஞ்சம் கொஞ்சமா. வெந்நீர் பட்டதும் கொழுப்பு இளகி மாவு முழுக்க இறங்கிடும், உருண்டையும் விறைக்காது. பிசைஞ்சு 8 உருண்டை பிடிச்சு துணி மூடி அரை மணி நேரம் விட்டாதான் தேய்க்கும்போது சுருங்கி உள்ள ஓடாம இருக்கும். காய்ஞ்ச கல்லுல எண்ணெயே விடாம போட்டா அங்கங்க கொப்புளம் எழும்பும், திருப்பிப் போட்டா அந்தக் கொப்புளம் மட்டும் பழுப்புப் புள்ளியா நிக்கும், மத்த இடம் வெள்ளையாவே இருக்கும். ஒரு பக்கத்துக்கு அரை நிமிஷம் தாண்டக்கூடாது, தாண்டினா அப்பளம். எடுத்ததும் துணியில சுத்தி வைக்கணும். ஆட்டா மாவு, நெருப்புல காட்டி உப்ப வைக்கிற சப்பாத்தி எங்க, இது எங்க. கைக்கு இது வேற பண்டம்னு தெரியும்.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் சமையல் குறிப்புல பண்ற அட்டகாசம் டோர்ட்டியாவோட நிக்கல. "கால் கப் சுருக்கம் சேர்க்கவும்"னு ஒரு குறிப்புல படிச்சேன், என்ன சுருக்கம், முகச் சுருக்கமா? ஷார்ட்டனிங்னா மாவோட இழுவை நீளமா வளராம வெட்டி விடுற கொழுப்பு, அவ்வளவுதான், வனஸ்பதின்னு போட்டுட்டுப் போக வேண்டியதுதானே. மைதாவுக்கு "அனைத்து நோக்க மாவு"ன்னு ஒருத்தர், கேட்டா ஏதோ கட்சிக் கொள்கை மாதிரி இருக்கு. இதுல எல்லாம் உச்சம் "மாவை 30 நிமிடங்கள் ஓய்வெடுக்க விடவும்". மாவு என்ன நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டா வந்திருக்கு? தமிழ்நாட்டுல எந்த வீட்டுலயும் மாவு ஓய்வெடுக்காதுங்க, மாவு ஊறும். "அரை மணி நேரம் ஊறட்டும்". பாட்டி காலத்துல இருந்து இருக்கிற சொல்லு, அதை விட்டுட்டு இப்படி எழுதுறவங்கதான் நம்மகிட்ட தமிழ்ல சொல்வளம் போதலன்னு குறைபட்டுக்கிறாங்க.

குறை சொன்னா போதுமா, நீ என்ன சொல்றேன்னு கேப்பீங்க. என் ஓட்டு மெல்லடைக்கு. புதுசா நான் தட்டினது இல்ல, மதுரைக்காஞ்சியிலயே இருக்கு, ராத்திரிக் கடைத்தெருவுல விக்கிற பண்டங்களைச் சொல்லும்போது தேனடை மாதிரி இருக்கிற "மெல்லடை"ன்னு வருது. டோர்ட்டான்னா அடை, அதைச் சிறுசாக்கினா டோர்ட்டியா, நம்ம அடையை மெலிசாக்கினா மெல்லடை, சொல் கட்டுன விதமே கிட்டத்தட்ட ஒண்ணா வருது பாருங்க. கோதுமை மெல்லடை, மக்காச்சோள மெல்லடை, தானியத்தை முன்னாடி போட்டா குழப்பமே இல்ல. அடைன்னா பருப்பு அடைதானே ஞாபகம் வரும்னு ஒரு ஆட்சேபம் வரும், வரட்டும், அதுக்குத்தான் மெல்-னு முன்னாடி நிக்குது, தவிர வாழை இலையில வேகுற இலை அடையையும் பருப்பு அடையையும் ஒரே பேர்ல கூப்பிட்டு நம்ம சமாளிக்கலையா. "தட்டையப்பம்"னும் ஒருத்தர் சொன்னாரு, மோசமில்ல, ஆனா அப்பம்னா தமிழ் பைபிள்ல பிரெட்டுக்கு உக்காந்துடுச்சு, வெளிய ஆப்பச் சட்டியில உக்காந்துடுச்சு, மூணாவதா இடம் இல்ல.

மெல்லடை புழக்கத்துக்கு வர்ற வரைக்கும் டோர்ட்டியான்னே எழுதுங்க, பிட்சா, பாஸ்தாவை அப்படியே எடுத்துக்கலையா, இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. ஆனா ஒழுங்கா எழுதுங்க. மெக்சிகோ ஸ்பானிஷ்ல ரெண்டு எல் சேர்ந்து வந்தா ய மாதிரிதான் ஒலிக்கும், டார்டில்லா இல்ல டோர்ட்டியா. அதே கணக்குல, டோர்ட்டியாவுக்குள்ள சீஸ் வச்சு மடிச்சுச் சுடுற பண்டம் கேசடியா, எங்க ஊர் ஹோட்டல் மெனுவுல இருக்கிற "குவசடில்லா" இல்ல. அந்த மெனுவுல அதுக்குப் பக்கத்துல "மாவு டார்டில்லாவில் சுற்றியது"ன்னும் போட்டிருக்காங்க, விலை 280 ரூபாய்.