ஆயிரத்தில் ஓடிய புரோகிராம் இரண்டு லட்சத்தில் ஏன் நின்றது?

"சார், புரோகிராம் ஹேங் ஆயிடுச்சு போல. பத்து நிமிஷமா அப்படியே நிக்குது."

படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆகியிருந்த ஒரு பெண் வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு ஃபைலில் உள்ள வாடிக்கையாளர் எண்களில் இரண்டு முறை வந்தவற்றை நீக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பைத்தானில் ஒரு காலி லிஸ்ட் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக எடுத்து, அது லிஸ்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்த்துக்கொண்டே போயிருந்தார். நான்கே வரி, ஒரு தவறும் இல்லை. ஆயிரம் எண்களை வைத்துச் சோதித்தபோது உடனே முடிந்திருக்கிறது. உண்மையான ஃபைலில் இருந்தவை இரண்டு லட்சம்.

ஒரு தாளை எடுத்து இருவரும் கணக்குப் போட்டோம். லிஸ்டில் தேடுவது என்றால் முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போவது. எல்லாம் வேறு வேறு எண்கள் என்று வைத்துக்கொண்டால், ஆயிரத்துக்குச் சுமார் 5 லட்சம் ஒப்பீடு. இரண்டு லட்சத்துக்கு 2,000 கோடி. டேட்டா 200 மடங்கு கூடியது, வேலையோ 40,000 மடங்கு கூடிவிட்டது. லிஸ்டை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக ஒப்பிடாமல் நேராக இடத்தைக் கண்டுபிடிக்கும் ஹாஷ் டேபிளால் ஆன செட் போட்டார். ஒரு நொடிகூட ஆகவில்லை.

அவருக்கு ஹாஷ் டேபிள் தெரியாது என்று நினைக்க வேண்டாம். கேட்டவுடன் "சராசரியா ஓ ஆஃப் ஒன்" என்று, அதாவது எத்தனை எண்கள் இருந்தாலும் தேடும் நேரம் கூடாது என்று, பளிச்சென்று சொன்னார். செமஸ்டர் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார். அந்தப் பாடத்துக்கும் கண் முன்னால் இருக்கும் நான்கு வரிக்கும் தொடர்பு உண்டு என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இதே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள். பாடத்தின் முக்கால்வாசியைக் கற்றிருக்கிறார்கள், பயன் தரும் அந்தக் கால்வாசி மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

எங்கே விட்டுப்போகிறது என்று யோசித்தால், எனக்குத் தெரிந்து காரணம் ஒன்றுதான். லேபில் பத்து எண்களை வைத்துப் பழகுகிறோம். எண்களை வரிசைப்படுத்தும் இரண்டு வழிகளான பபுள் சார்ட்டும் மெர்ஜ் சார்ட்டும் பத்து எண்களுக்கு ஒரே வேகம்தான். வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்காதவருக்கு பிக் ஓ (டேட்டா கூடக்கூட வேலை எப்படிக் கூடும் என்பதன் குறியீடு) என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு அட்டவணை, வேறென்ன? பத்து லட்சம் எண்களைக் கொடுத்துப் பாருங்கள். மெர்ஜ் சார்ட் 2 கோடி ஒப்பீட்டுக்குள் முடித்துவிடும். பபுள் சார்ட்டுக்கு 50,000 கோடி வரை ஆகும். அந்த இடைவெளியில் உட்கார்ந்து காத்திருந்தவர் அதை மறக்கவே மாட்டார்.

அதனால் படிக்கும்போதே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுதிய புரோகிராமை 1,000, 2,000, 4,000, 8,000 என்று அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். நேரமும் ஏறத்தாழ இரட்டிப்பானால் லீனியர், அதாவது வேலை அளவுக்கு ஏற்பவே கூடுகிறது. நான்கு மடங்கானால் என் ஸ்கொயர், அதாவது அளவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. எட்டு மடங்கானால் மூன்று லூப் ஒன்றுக்குள் ஒன்றாக எங்கோ ஒளிந்திருக்கிறது. ஆனால் ஓட்டுவதற்கு முன்பே எத்தனை மடங்கு ஆகும் என்று தாளில் எழுதிவிட வேண்டும். ஊகம் தப்பாகப் போகிற இடத்தில்தான் உண்மையில் கற்றுக்கொள்கிறோம்.

இது புதியவர்கள் மட்டும் செய்கிற தவறும் அல்ல. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன் விளையாட்டு திறப்பதற்குப் பல நிமிடங்கள் எடுக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் புகார் இருந்தது. 2021இல் விளையாடுபவர் ஒருவரே உள்ளே புகுந்து பார்த்தார். சுமார் 63,000 பொருட்கள் கொண்ட ஒரு பட்டியலை ஏற்றும்போது, ஒவ்வொரு பொருளும் முன்பே வந்துவிட்டதா என்று வரிசையாகத் தேடிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட 200 கோடி சோதனைகள். எங்கள் அலுவலகத்து நான்கு வரியும் இதுவும் அச்சு அசலாக ஒன்றே! அதே ஏற்றுதலில் இன்னொரு வீண் வேலையும் இருந்தது. இரண்டையும் சரிசெய்ததும் ஏற்றும் நேரத்தில் சுமார் 70 சதவீதம் குறைந்தது.

எண்ணிப் பார்ப்பதற்கு எவ்வளவு வலிமை என்பதற்கு நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்வது ரஷ்யக் கணிதவியலாளர் கராட்சுபாவின் கதை. 1960இல் மாஸ்கோவில், பெரிய கணித மேதையான கொல்மொகொரோவ் தன் கருத்தரங்கில் ஓர் ஊகத்தை முன்வைத்தார்: இரண்டு பெரிய எண்களைப் பெருக்க, பள்ளியில் படித்த என் ஸ்கொயர் வழியைவிட வேகமான வழி இருக்க முடியாது. அப்போது 23 வயதான கராட்சுபா ஒரே வாரத்தில் அதைப் பொய்யாக்கினார். எண்களை நடுவில் வெட்டினால் வழக்கமாக நான்கு சிறிய பெருக்கல் வேண்டும். கொஞ்சம் கூட்டல் கழித்தலைச் சேர்த்துக்கொண்டால் மூன்றே போதும் என்று கண்டார். நான்கு மூன்றாகக் குறைவது பெரிய விஷயமா என்று தோன்றும். ஒவ்வொரு பாதியையும் மறுபடி மறுபடி வெட்டும்போது அந்தச் சேமிப்பு பெருகிக்கொண்டே போகிறது. இன்றும் பைத்தான் மிகப் பெரிய முழு எண்களை இந்த வழியில்தான் பெருக்குகிறது.

வேகம் மட்டும் போதாது, சரியாகவும் இருக்க வேண்டும். வரிசைப்படுத்திய எண்களில் பாதி பாதியாக ஒதுக்கித் தேடும் பைனரி சர்ச்சைப் பாருங்கள், பத்துப் பன்னிரண்டு வரிதான். நடு இடத்தைக் கண்டுபிடிக்க தேடும் பகுதியின் தொடக்கமான லோவையும் முடிவான ஹையையும் கூட்டி இரண்டால் வகுப்போம். எண்களை அடுத்தடுத்து வைத்திருக்கும் அர்ரே நூறு கோடியைத் தாண்டி வளர்ந்தால் அந்தக் கூட்டுத்தொகை 32 பிட் முழு எண்ணுக்குள் அடங்காமல் மைனஸாகிவிடலாம். ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் இருந்து 2006இல்தான் வெளியே தெரிந்தது. ஹையிலிருந்து லோவைக் கழித்து, அதில் பாதியை லோவுடன் கூட்டினால் தீர்ந்தது. லைப்ரரி இருக்கும்போது ஏன் கையால் எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். ஒருமுறையாவது எழுதி, காலி அர்ரே, ஒரே எண், இல்லாத எண் என்று எல்லாவற்றையும் கொடுத்து உடைத்துப் பாருங்கள். அப்புறம் லைப்ரரியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு உறுப்பும் அடுத்தது எங்கே என்பதைக் குறித்து வைத்திருக்கும் லிங்க்டு லிஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. நடுவில் சேர்ப்பது ஓ ஆஃப் ஒன் என்று படித்திருப்பீர்கள். அந்த நடு இடத்துக்குப் போய்ச் சேர ஓ ஆஃப் என், அதாவது நீளத்துக்கு ஏற்பக் கூடும் நேரம், ஆகும் என்பதை ஏனோ பலர் சேர்த்துச் சொல்வதில்லை. போதாக்குறைக்கு அதன் உறுப்புகளான நோடுகள் மெமரியில் சிதறிக் கிடக்கும். அர்ரே அடுத்தடுத்து இருப்பதால் பிராசஸரின் வேகமான சிறு மெமரியான கேஷ் அதைச் சேர்த்து இழுத்துவந்துவிடும். கணக்கில் இரண்டும் சமமாக வந்தாலும் ஓட்டிப் பார்த்தால் அர்ரே முந்துவதைப் பல முறை பார்க்கலாம். அதனால்தான் கணக்கும் வேண்டும், கடிகாரமும் வேண்டும் என்கிறேன்.

பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். லேபில் கொடுக்கும் இன்புட்டை பத்திலிருந்து பத்து லட்சமாக்குங்கள். சிலபஸை மாற்ற வேண்டாம், ஒரு வரியை மாற்றினால் போதும்.

மாணவர்கள் இன்றைக்கே ஒன்று செய்து பார்க்கலாம். முந்தைய இரண்டின் கூட்டலாக வரும் ஃபிபனாச்சி எண்ணை ரிகர்ஷனில் (ஃபங்ஷன் தன்னையே கூப்பிடும் முறையில்) அப்படியே எழுதுங்கள், பூஜ்யமோ ஒன்றோ வந்தால் திரும்பிவிடட்டும். 40ஆவது எண்ணைக் கேட்டால் அந்த ஃபங்ஷன் மொத்தம் எத்தனை முறை கூப்பிடப்படும்? முதலில் உங்கள் ஊகத்தை எழுதிவையுங்கள். பிறகு ஒரு கவுண்டர் வைத்து ஓட்டுங்கள். 33,11,60,281 என்று வர வேண்டும்.