எக்கோசிஸ்டம்: மண்டலமா, தொகுதியா?

'எக்கோசிஸ்டம்' என்ற சொல்லை 1935-இல் ஒரு கட்டுரையில் முதலில் எழுதியவர் பிரிட்டன் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி. அவருக்கு அதை எடுத்துக்கொடுத்தவர் இன்னொரு தாவரவியலாளர், ராய் கிளாப்பம். முன்பாதி 'ஓய்கோஸ்', கிரேக்கத்தில் வீடு. அதைக்கொண்டுதான் ஜெர்மனி விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866-இல் சூழலியலுக்குப் பெயர் வைத்தார். பின்பாதிக்குப் பொருள், சேர்ந்து நிற்பது. உயிர்களைத் தனியே பிரித்துப் படித்தால் போதாது. மண், நீர், காற்று, வெயில் எல்லாம் சேர்ந்ததே ஓர் அலகு என்றார் டான்ஸ்லி.

நம் பாடநூல்களில் இது 'சூழ்நிலை மண்டலம்'. இலங்கையில் 'சூழற்றொகுதி'. இலங்கை வழக்கே சரியென்பது என் கருத்து. மண்டலம் என்றால் வட்டம், நிலப்பரப்பு. சோழமண்டலம் என்றதும் எல்லைதான் மனதில் வருகிறது. டெல்டாவுக்காக 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்தில் அந்தச் சொல் பொருந்துகிறது, சட்டத்துக்கு எல்லை வேண்டும். இங்கே வேண்டியது உறவு.

காவிரியையே பாருங்கள். மேட்டூரில் போதிய நீர் இருந்தால்தான் ஜூன் 12-இல் குறுவைக்குத் தண்ணீர் திறக்க முடியும்; அந்த நீரில் பெரும்பங்கைத் தருவது குடகுப் பக்கம் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. கல்லணை தாண்டி வயலில் தண்ணீர் கட்டியதும், நீலப்பசும்பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்குகிறது. அதே சேற்றின் அடியில், காற்றுப் புகாத இடத்தில், நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கி மேலே அனுப்புகின்றன. நத்தைக்கும் நண்டுக்கும் கொக்கு வருகிறது. மிஞ்சிய நீர் பாமணியாறு, கோரையாறு வழியாக முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுக்குப் போய்ச் சேர்கிறது. அந்த நன்னீர் குறைந்தால் கழியில் உப்பு ஏறும். மரமும் வாடும், அதன் வேரடியில் வளரும் இறால் குஞ்சும் குறையும். குடகில் மழை பொய்த்தால் முத்துப்பேட்டையில் வலை போடுபவருக்கும் இழப்பு. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு, வயலுக்கும் கடற்கரைக்கும் வரவேண்டிய வண்டலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே படிகிறது. இத்தனையையும் எந்த எல்லைக்கோட்டுக்குள் அடைப்பது?

'திணை' என்றே சொல்லலாம் என்பாரும் உண்டு. அழகான யோசனைதான். நிலமும் பொழுதும் முதற்பொருள்; மரம், பறவை, உணவு, தொழில் கருப்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது இந்த அறிவியலுக்கு மிக நெருக்கம். ஆனால் திணை நிலங்களை வகை பிரிக்கிறது. குடகின் குறிஞ்சியும் தஞ்சையின் மருதமும் முத்துப்பேட்டையின் நெய்தலும் ஒரே ஆற்றில் கோத்துக்கிடப்பதைச் சொல்ல வேறு சொல் வேண்டும்.

தொகுதி என்றால் தமிழ்நாட்டில் தேர்தல் நினைவு வரும், உண்மை. ஆனாலும் தொகு என்ற வேர் நம்முடையது. கவிதைத் தொகுதி என்று எழுதத் தயங்குவதில்லையே. நாம் செரிமான மண்டலம் என்பதை இலங்கைப் பிள்ளைகள் 'சமிபாட்டுத் தொகுதி' என்றுதான் படிக்கிறார்கள். புணர்ச்சி கடினமென்றால் 'சூழல்தொகுதி' என்று பிரித்தே எழுதலாம். வளிமண்டலம் அப்படியே இருக்கட்டும், அது பூமியைச் சூழ்ந்த உறை. நிலம், நீர், காற்று, உயிர் நான்கும் பின்னிய முழு உலகுக்குப் 'புவித்தொகுதி' என்று எழுதலாம்.