பிரதமர் கையெழுத்துப் போட்டால் நிலம் போய்விடுமா?

1958 செப்டம்பரில் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் பெரோஸ் கான் நூனும் சில எல்லைச் சிக்கல்களைப் பேசி முடித்தார்கள். அதில் ஒன்று மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி மாவட்டத்திலுள்ள பெருபாரி. ஒன்பது சதுர மைல்கூட வராது. 1947 பிரிவினையில் எல்லைக்கோடு போட்ட ராட்கிளிஃப் தீர்ப்பில் இருந்த குளறுபடியால் பாகிஸ்தானும் உரிமை கோரியது. சரி, ஆளுக்குப் பாதி என்று முடிவானது.

வங்கத்தில் எதிர்ப்பு கிளம்பவே, குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். அரசு என்ன சொன்னது? 'எல்லை எங்கே என்று தெளிவுபடுத்தினோம், அவ்வளவுதான். இதற்குச் சட்டமே தேவையில்லை. தேவையென்றாலும் அரசமைப்பின் 3-ஆவது பிரிவின்படி சாதாரணச் சட்டம் போதும்.'

அந்தப் பிரிவில் ஒரு மாநிலத்தின் பரப்பைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 1953-இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திராவைப் பிரித்தது அப்படித்தான். ஆனால் அது வீட்டுக்குள் சுவரைத் தள்ளிக் கட்டுகிற வேலை. கொல்லைப்புறத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுப்பது வேறு. 1960 மார்ச்சில் எட்டு நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான்: ராட்கிளிஃப் தீர்ப்பைப் படித்துப் பார்த்துக் கோட்டைக் கண்டுபிடிக்கவில்லை, பாதி பாதியாகப் பிரித்திருக்கிறீர்கள், இது நிலத்தைக் கொடுப்பது, அரசமைப்பையே திருத்த வேண்டும். அதாவது இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. ஒப்பந்தம் போடுவது அரசின் அதிகாரம்தான், நிலத்தைக் கொடுக்க அது மட்டும் போதாது.

அந்த ஆண்டே 9-ஆவது திருத்தம் வந்தது. ஆனாலும் வழக்குகளில் இழுபட்டு, 1971 போரில் கிழக்கு பாகிஸ்தானே இல்லாமல் போனது. பெருபாரி கைமாறவே இல்லை.

1969-இல் கட்ச் ரண் வழக்கு. குஜராத் எல்லையிலுள்ள உப்புச் சதுப்பு நிலம் அது. சர்வதேசத் தீர்ப்பாயம் கோடு போட்டு, ஒரு பகுதி பாகிஸ்தானுக்குப் போனது. இங்கே திருத்தம் வேண்டாம் என்றது அதே உச்ச நீதிமன்றம். எல்லை எது என்றே தெரியாமலிருந்த இடத்தில் கோடு போடுவது தானமாகாது. ஆக, 'கொடுத்தோமா, கண்டுபிடித்தோமா?' என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதில் எல்லாம் அடங்கிவிடுகிறது. வெளியுறவுத் துறைக்கு எது வசதியான பதில் என்று சொல்லத் தேவையில்லை.

1974-ஐப் பாருங்கள். மே 16-இல் இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரஹ்மானும் எல்லை ஒப்பந்தம் செய்தார்கள். வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் திட்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் திட்டுகள். நாலாபுறமும் அடுத்த நாடு சூழ்ந்த இந்தத் துண்டுகளைச் சிட்மஹல் என்பார்கள். தஹாலா காக்ராபாரி என்ற நிலத்துண்டு இந்தியாவுடையது. அதைச் சுற்றி வங்கதேசக் கிராமம். அதைச் சுற்றி இந்தியத் திட்டு. அதைச் சுற்றி வங்கதேசம்! இவற்றை மாற்றிக்கொள்வது சந்தேகமில்லாமல் 'கொடுப்பது'. எனவே 100-ஆவது திருத்தம் தேவைப்பட்டது. அது நிறைவேறியது 2015-இல். 41 ஆண்டுகள் அங்கிருந்தவர்கள் எந்த நாட்டு ரேஷன் அட்டையும் இல்லாமல் காத்திருந்தார்கள்.

அதே 1974 ஜூனில் கச்சத்தீவு ஒப்பந்தம். 285 ஏக்கர். திருத்தம் ஏதுமில்லை, உடனே நடைமுறைக்கு வந்தது. 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது கையில் எடுத்தது பெருபாரியைத்தான். மத்திய அரசின் பதில்: எல்லை வரையறுக்கப்படாத, தகராறில் இருந்த இடம் அது, இந்திய மண் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.