பார்வைக்கு நாட்டுக் கெளுத்தி, உள்ளே ஆப்பிரிக்கா

பினாங்கில் எந்தப் பாசாருக்குப் போனாலும் உயிரோடு விற்கிற மீன் என்றால் பெரும்பாலும் கெளுத்திதான். பேசினில் நான்கு விரல் தண்ணீர் இருந்தால் போதும், மணிக்கணக்கில் நெளிந்துகொண்டிருக்கும். செவுளுக்கு மேலே கிளை கிளையாகப் பிரிந்த ஓர் உறுப்பு அதற்கு உண்டு. அதைக் கொண்டு காற்றையே நேராகச் சுவாசிக்கும். மழை பெய்கிற இரவில் குளத்தை விட்டேறி, ஈரத்தரையில் ஊர்ந்து, பக்கத்துக் கால்வாயில் இறங்கிவிடுவதும் இதனால்தான். இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடைக்காரர் திட்டாவிட்டால் மீனின் தலையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். மண்டை ஓட்டின் பின் ஓரம் வளைந்து உருண்டிருந்தால் அது இந்த மண்ணின் கெளுத்தி. மலாய்க்காரர்கள் கெலி புங்கா என்பார்கள். அறிவியல் பெயர் கிளாரியாஸ் மேக்ரோசெபாலஸ். அந்த ஓரம் முனை முனையாகக் கூர்ந்திருந்தால் அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிளாரியாஸ் கரியேபினஸ், அல்லது இரண்டுக்கும் பிறந்த கலப்பு. சந்தையில் உருண்ட ஓரம் அபூர்வம். வயல்களிலும் சதுப்புகளிலும் சாதாரணமாகத் திரிந்த நாட்டு மீன், இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஆபத்தை நெருங்கும் இனமாக இருக்கிறது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒரு மீட்டருக்கு மேலும் வளரும், கிடைத்ததைத் தின்னும், சீக்கிரம் எடை போடும். நாட்டுக் கெளுத்திக்கு அந்த வேகம் இல்லை, ஆனால் சதையில் ருசி. இரண்டையும் சேர்த்தால் என்ன என்று பண்ணைக்காரர்களுக்குத் தோன்றியது. தாய்லாந்தில் வழக்கமான சேர்க்கை இதுதான்: பெண் நாட்டுக் கெளுத்தி, ஆண் ஆப்பிரிக்கக் கெளுத்தி. பெண்ணுக்கு ஹார்மோன் ஊசி போட்டுக் காத்திருந்து, வயிற்றை மெல்ல அமுக்கினால் முட்டை வந்துவிடும். ஆணிடம் அது நடக்காது. எவ்வளவு அமுக்கினாலும் விந்து வராது. அதைக் கொன்று, விந்துப்பையை வெட்டி எடுத்து, நசுக்கி, உப்புநீரில் கரைத்து, முட்டையோடு சேர்த்து ஒரு கோழி இறகால் கலக்குவார்கள். ஏறக்குறைய ஒரு நாளில் குஞ்சு பொரிந்துவிடும்.

இந்தக் குஞ்சு மலடாகத்தானே இருக்கும் என்று தோன்றும். தோன்றுவதற்குக் காரணமும் இருக்கிறது. நாட்டு மீனுக்கு 54 குரோமோசோம்கள், ஆப்பிரிக்க மீனுக்கு 56. கலப்புக்கு 27-ம் 28-ம் சேர்ந்து 55. முட்டையோ விந்தோ உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து பிரிய வேண்டும். இங்கே ஒன்று தனியாக நிற்கும், மற்றவையும் சரியாகப் பொருந்தாது. அதனால் கலப்பு மீன் இனப்பெருக்கத்தில் படுமோசம். ஆனால் படுமோசம் வேறு, பூஜ்யம் வேறு. வெள்ளத்தில் பண்ணைக் குளம் வழிந்து ஆயிரக்கணக்கான மீன்கள் வயலுக்குள் ஊர்ந்து போனால், அதில் சில தப்பிப் பிறப்பதற்கு அந்தக் கொஞ்சம் வாய்ப்பே போதும். 2004-இல் வெளியான தாய்லாந்து ஆய்வு ஒன்று, இயற்கை நீர்நிலைகளில் பிடித்த நாட்டுக் கெளுத்திகளுக்குள் ஆப்பிரிக்க மரபணு நுழைந்திருப்பதற்கான தடயத்தைக் காட்டியது.

நுழைந்ததைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். முதல் கலப்பில் சரிபாதி அந்நிய மரபணு. அது நாட்டு மீனோடு சேர்ந்தால் பிள்ளைக்குச் சராசரியாகக் கால் பங்கு, பேரனுக்கு அரைக்கால், கொள்ளுப்பேரனுக்கு பதினாறில் ஒன்று. அதற்குள் தலையின் ஓரமும் உருண்டிருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டி.என்.ஏ.-வில் இரண்டு இனமும் உறுதியாக வேறுபடுகிற இடங்களைக் குறிகளாக எடுத்துக்கொண்டு சோதிப்பார்கள். ஒவ்வொரு குறிக்கும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள் இருப்பதால், அந்தக் கொள்ளுப்பேரனிடம் ஒரு குறியில் ஆப்பிரிக்கச் சாயல் இருக்க வாய்ப்பு எட்டில் ஒன்று, அவ்வளவுதான். ஒன்றோடொன்று ஒட்டாத 10 குறிகளைப் பார்த்தாலும், இப்படிப்பட்ட 100 மீன்களில் சுமார் 26 சுத்த நாட்டு மீன் என்று தேறிவிடும். 50 குறிகள் பார்த்தால் சுமார் 800-இல் ஒன்றுதான் தப்பும். எத்தனை குறி பார்த்தார்கள் என்று சொல்லாத 'தூய இனம்' சான்றிதழை நான் நம்புவதில்லை.

இன்னொரு பொறியும் இருக்கிறது. மலிவாகவும் சுலபமாகவும் பார்க்கிற சோதனை, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்புக்குள் தனியாக இருக்கும் டி.என்.ஏ. அது தாயிடமிருந்து மட்டுமே வரும். பண்ணைக் கலப்பின் தாய் யார்? நாட்டுக் கெளுத்தி. ஆகவே பாதி ஆப்பிரிக்கனாக இருக்கிற மீனையும் இந்தச் சோதனை நூற்றுக்கு நூறு நாட்டு மீன் என்றே சொல்லும். செல்லின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ.-வையும் சேர்த்துப் பார்த்தால்தான் அப்பன் யாரென்று தெரியும்.

இந்த விஷயத்தில் அதிகம் அடிபட்டு அதிகம் கற்றுக்கொண்டவர்கள், குளிர்ந்த ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீனைக் காப்பாற்றப் பார்க்கிறவர்கள். அமெரிக்காவின் கொலராடோவில் கிரீன்பேக் ட்ரவுட் என்று ஓர் உள்ளூர் மீன். 1937-இல் அழிந்துவிட்டது என்றே அறிவித்துவிட்டார்கள். பிறகு சில ஓடைகளில் கிடைத்தது, பல ஆண்டுகள் பொத்திப் பொத்தி வளர்த்து மலையெங்கும் விட்டார்கள். 2012-இல் அருங்காட்சியகச் சாடிகளில் நூறு ஆண்டுக்கு மேல் கிடந்த பழைய மீன்களின் டி.என்.ஏ.-வோடு ஒப்பிட்டபோது, அசல் கிரீன்பேக் பியர் க்ரீக் என்ற ஒரே ஓடையில்தான் மிஞ்சியிருந்தது தெரிந்தது. மற்றவை அதன் சொந்தக்கார இனங்கள். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே மலையின் ஒரு பக்கத்து மீனை மறுபக்கம் கொண்டுபோய் விட்டதில் வந்த குழப்பம். அந்த ஓடையும் அதன் பூர்வீகம் இல்லை, யாரோ கொண்டுவந்து விட்ட மீன்தான் அங்கே பிழைத்துக் கிடந்தது.

கொஞ்சம் கலந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று சிலர் கேட்பார்கள். மொன்டானா மாநிலத்தில் உள்ளூர் கட்த்ரோட் ட்ரவுட்டோடு வந்தேறி ரெயின்போ ட்ரவுட் கலந்த ஓடையில் இதை அளந்தார்கள். 2009-இல் வந்த முடிவு: 20 சதவீதக் கலப்பிலேயே குஞ்சுகளை உருவாக்கும் திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. அந்த ஓடையின் குளிருக்கும் பருவத்துக்கும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பொருந்திவந்த மரபணுக் கூட்டணி கலைந்துபோகிறது.

சரி, தடுக்க முடியுமா? ஒரு வழி, பண்ணை மீனையே நிஜமான மலடாக்குவது. கருத்தரித்த சில நிமிடங்களில் முட்டைக்கு வெப்ப அதிர்ச்சியோ அழுத்தமோ கொடுத்தால், வெளியேற வேண்டிய ஒரு குரோமோசோம் தொகுதி உள்ளேயே தங்கிவிடும். இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதிகளோடு வளரும் மீன் உடம்பு வைக்கும், ஆனால் வாரிசு வைக்காது. ஐடஹோ மாநிலத்தில் உள்ளூர் ட்ரவுட் இருக்கும் ஆறுகளில் விடுகிற ரெயின்போக்களை இப்படித்தான் தயார் செய்கிறார்கள். அதிர்ச்சி எல்லா முட்டையிலும் பலிக்காது. அதனால் குஞ்சுகளின் ரத்தத்தைச் சோதிப்பார்கள். மூன்று தொகுதி உள்ள மீனின் சிவப்பணு பெரிதாக இருக்கும்.

இங்கே பினாங்கில் புண்ணியத்துக்கென்று உயிர்மீன் வாங்கி ஆற்றில் விடுகிற வழக்கமும் உண்டு. சந்தைக் கெளுத்தியை விடுவதைவிடக் கோயிலில் அன்னதானத்துக்குக் காசு கொடுப்பது எவ்வளவோ மேல்.

பண்ணைக்காரர்களுக்கும் இதில் சொந்த நஷ்டம் இருக்கிறது. கலப்புக் குஞ்சு ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் பிறக்க வேண்டும். அதற்கு ஒரு சுத்தமான நாட்டுத் தாய் மீன் வேண்டும். வயலில் பிடித்த தாய்க்குள் ஏற்கெனவே ஆப்பிரிக்கன் நுழைந்திருந்தால், அடுத்த தொட்டியில் பொரிவது அவர்கள் காசு கொடுத்து வளர்க்க நினைத்த அந்தக் கலப்பாக இருக்காது.