சிக்னல்: குறியும் அல்லகுறியும்

சென்னைக்காரர்களுக்கு சிக்னல் என்றால் முதலில் ஒரு இடம். டைடல் பார்க் சிக்னல், விஜயநகர் சிக்னல், திருமங்கலம் சிக்னல். "சிக்னல் தாண்டி நிறுத்துங்கண்ணா" என்றால் ஷேர் ஆட்டோ சரியான இடத்தில் நிற்கும். அப்புறம் அது போனில் தெரியும் கோடுகள், லிஃப்டுக்குள் நுழைந்ததும் காணாமல் போவது. இந்த இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும் என்று நான் யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டேன், அவை ஊரில் ஊறிப்போன சொற்கள். ஆனால் மூன்றாவதாக ஒரு சிக்னல் இருக்கிறது. வீட்டைக் கூட்டும் ரோபோ சுவரில் முட்டாமல் திரும்புவதற்கும், வயிற்றில் இருக்கும் பிள்ளை ஸ்கேன் திரையில் தெரிவதற்கும் காரணமான சிக்னல். அதை ஆராயும் துறைக்கு சிக்னல் ப்ராசஸிங் என்று பெயர். சனிக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு ரோபோ செய்யச் சொல்லித் தருகிறேன், அதில் எட்டாவது படிக்கும் ஒருத்தி, "அக்கா, அதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

லத்தீனில் சிக்னும் என்றால் அடையாளம். ரோமானியப் படைப்பிரிவுகள் கம்பில் தூக்கிப் பிடித்த சின்னத்துக்கும் அதே பெயர்தான். புழுதியிலும் கூச்சலிலும் தன் படை எங்கே நிற்கிறது என்று வீரன் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். அந்த வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தந்தியும் ரயிலும் வானொலியும் வந்த பிறகு கம்பிக்குள்ளும் காற்றுக்குள்ளும் புகுந்தது. இன்று பொறியாளர்கள் அதற்குக் கொடுக்கும் பொருள் ரொம்ப அகலம். நேரத்தோடோ இடத்தோடோ மாறிக்கொண்டே இருக்கும் எந்த அளவாக இருந்தாலும், அதில் நமக்கு வேண்டிய செய்தி இருந்தால் அது சிக்னல். மைக்கில் விழும் குரல், இசிஜி கோடு, ஒரு புகைப்படம், மொட்டை மாடியில் நாள் முழுக்க அளந்த வெப்பநிலை, எல்லாமே.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது. ரயில் பாதையோரத்தில் கை இறங்கி ஏறும் கம்பத்தைக் கைகாட்டி என்றார்கள், அதைவிட அழகான பெயர் அந்தப் பொருளுக்குக் கிடையாது. ஆனால் கை இல்லாத இடத்தில் அது ஒட்டாது. சமிக்ஞை வடமொழியின் சம்ஜ்ஞாவிலிருந்து வந்தது, ஈழத்தமிழர்கள் வீதி விளக்குக்கே அதைத்தான் சொல்கிறார்கள், அங்கே அது இயல்பாக இருக்கிறது. சைகை நம் வாயில் வருவதுதான், ஆனால் சைகை மொழி என்று உடம்பின் அசைவுக்கு அது நிலைத்துவிட்டது. குறிப்பலை என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு தடை உண்டு. எல்லா சிக்னலும் அலையாக இருக்க வேண்டியதில்லை, புகைப்படத்தை யாரும் அலை என்று சொல்வதில்லை.

மிஞ்சுவது குறிகை. பொறியியல் தமிழில் இப்போது ஓரளவு பழகிவிட்ட சொல், நான் ஏற்பதும் இதைத்தான். குறி என்ற வேரோடு கை விகுதி சேர்ந்தது. இந்தக் கை உறுப்பு இல்லை, வருகை, செய்கை என்பவற்றில் வருகிற அதே விகுதி. வெறும் குறி என்றே விடலாமே என்றால், அதற்குத் தனியாக ஏகப்பட்ட பொருள்கள். குறி வைக்கிறோம், குறி கேட்கப் போகிறோம், நிறுத்தற்குறி போடுகிறோம், காய்ச்சலுக்கு அறிகுறி பார்க்கிறோம். இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் நேரே கைக்கு எட்டாத ஒன்றை வெளியே தெரிகிற ஒன்று காட்டிக்கொடுக்கிறது. மருத்துவர் நாக்கைப் பார்த்து வயிற்றைச் சொல்வதும், ரோபோ திரும்பி வந்த ஒலியைக் கேட்டுச் சுவரைச் சொல்வதும் ஒரே வேலைதான். ப்ராசஸிங்குக்கு செயலாக்கம் என்கிறார்கள். ஒரு திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கும் அதே சொல் புழங்குவதால் கொஞ்சம் குழப்பம் உண்டு, ஆனாலும் குறிகைச் செயலாக்கம் என்று சேர்த்துச் சொல்லும்போது பொருள் மாறாது. சரி.

நான் உண்மையில் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. குறி என்ற சொல்லோடு தமிழ் அகப்பொருள் மரபில் இன்னொரு சொல்லும் சேர்ந்தே வருகிறது: அல்லகுறி. தலைவன் இரவில் ஊருக்கு வெளியே வந்து நின்று, தான் வந்ததைத் தலைவிக்கு எப்படித் தெரிவிப்பான்? கூப்பிட முடியாது. மரத்தில் உறங்கும் பறவைகளை எழுப்புவான், அல்லது குளத்தில் கல்லை எறிவான். அந்தச் சத்தம்தான் குறி. ஆனால் ஒரு நாள் காற்றில் காய் ஒன்று தானாக நீரில் விழுகிறது, பறவைகள் கலைகின்றன, அவன்தான் வந்துவிட்டான் என்று அவள் இருட்டில் இறங்கி வருகிறாள், அங்கே யாரும் இல்லை. இதற்கு அல்லகுறிப்படுதல் என்று பெயர். தொல்காப்பியம் களவியலிலேயே இருக்கிறது: "அல்லகுறிப் படுதலும் அவள்வயின் உரித்தே, அவன்குறி மயங்கிய அமைவொடு வரினே." அவன் செய்யும் குறியைப் போலவே வேறொன்று மயக்கும்படி வந்தால், என்கிறது நூற்பா.

இதைப் படித்தபோது நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்துவிட்டேன். குறிகைச் செயலாக்கத்தின் மையமான சிக்கல் இதுதானே. இரைச்சல் என்ற சொல்லை நாம் பொதுவாகச் சொல்கிறோம், மழை மாதிரி எல்லாப் பக்கமும் நிறைந்திருக்கும் சத்தத்துக்கு அது போதும். ஆனால் பொறியாளரை உண்மையில் ஏமாற்றுவது மழை இல்லை, குறி போலவே வேஷம் போட்டு வரும் ஒற்றைச் சத்தம். அதற்குத் தனிச் சொல் வேண்டும், அது ஏற்கெனவே இருக்கிறது.

ரோபோவைப் பாருங்கள். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும் ஒரு சின்ன அல்ட்ராசோனிக் சென்சார், இரண்டு கண் வைத்தது போல இருக்கும். ஒரு கண் 40 கிலோ ஹெர்ட்ஸில் ஒலியை அனுப்பும், மனிதக் காதுக்கு 20 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, அதனால்தான் அதை மீயொலி என்கிறோம், ஈழத்துப் பாடநூல்களில் கழியொலி. மற்ற கண் எதிரொலி வரக் காத்திருக்கும். போய் வந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம். எங்கள் பிள்ளைகளின் ரோபோ வரிசையாகத் தந்த தூரங்கள் ஒரு நாள் இப்படி இருந்தன: 42, 43, 42, 311, 43 சென்டிமீட்டர். அந்த 311 அல்லகுறி. ஒலி சாய்வான அலமாரிக் கதவில் பட்டு எங்கோ தெறித்து, எதிர்ச் சுவர் வரை போய்த் திரும்பியிருக்கிறது. சராசரி எடுத்தால் 96 வரும், அப்படி ஒரு தூரமே அந்த அறையில் இல்லை. ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 43. இந்த இடைநிலை அளவை அவர்கள் பள்ளியில் கணக்குப் பாடமாகப் படித்ததுதான், ஆனால் அது ஒரு பொய்யனைக் கூட்டத்திலிருந்து வெளியே தள்ளும் வழி என்று அன்றுதான் பார்த்தார்கள். மீயொலிக்குத் திரைச்சீலையும் ஒரு சோதனை, துணி ஒலியை விழுங்கிவிடும், அங்கே ஒன்றுமே இல்லை என்று ரோபோ நினைத்து நேரே போய்ச் சிக்கும். இன்னொன்று நம் ஊர் வெயில். 20 டிகிரியில் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், 35 டிகிரியில் சுமார் 352. இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 2 மீட்டரில் இருக்கும் சுவர் 5 சென்டிமீட்டர் கிட்டே இருப்பதாகத் தெரியும்.

பேச்சைக் கேட்டு நடக்கும் வீட்டு ரோபோவுக்கு வேலை இன்னும் கடினம். மிக்ஸி ஓடுகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, ஃபேன் தலைக்கு மேல் எப்போதும் சுற்றுகிறது, இதற்கு நடுவில் பாட்டி கூப்பிடும் குரல் வேண்டும். அதனால் ஒன்றுக்குப் பதிலாகப் பல மைக் வைப்பார்கள். 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு மைக்குக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் குரல் ஏறக்குறைய 0.3 மில்லி நொடி முன்பின்னாகப் போய்ச் சேரும். அந்தப் பிந்தலைச் சரிசெய்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால், பாட்டி இருக்கும் திசையிலிருந்து வந்தது மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பலமாகும், மற்ற திசைச் சத்தம் பொருந்தாமல் கலைந்து தேயும்.

மீயொலி ஸ்கேன் கருவிக்குள் நடப்பதும் இதே கூட்டல்தான், இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. வயிற்றில் வைக்கும் அந்தக் கைப்பிடிக்குள் மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்தது போன்ற நுண்ணிய துண்டுகள் வரிசையாக, நூற்றுக்கு மேல்கூட இருக்கும். அழுத்தினால் மின்சாரம் தரும், மின்சாரம் கொடுத்தால் அதிரும் படிகப் பண்பு, கியூரி சகோதரர்கள் 1880இலும் 1881இலும் சோதனையில் கண்டது, அதில்தான் எல்லாம் ஓடுகிறது. 1958இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் கூட இருந்தவர்களும் வயிற்றுக் கட்டிகளையும் கருவையும் இந்த ஒலியால் படமாக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். உடம்பின் மென்திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போவதாகக் கருவி வைத்துக்கொள்ளும். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோ நொடி. குளிர்ச்சியாக ஜெல் தடவுகிறார்களே, அது வழுக்குவதற்கு மட்டும் இல்லை. தோலுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மெல்லிய காற்றுப் படலம் இருந்தால்கூட ஒலி கிட்டத்தட்ட முழுவதும் அங்கேயே திரும்பிவிடும், உள்ளே போகவே போகாது.

உடம்புக்குள்ளும் அல்லகுறி உண்டு. இரண்டு பரப்புகளுக்கு நடுவில் ஒலி முட்டி முட்டித் தாமதமாகத் திரும்பினால், தாமதம் என்றால் ஆழம் என்று மட்டுமே தெரிந்த கருவி, இல்லாத இடத்தில் ஒரு கோட்டை வரைந்துவிடும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கண்ணாடி போல வேலை செய்து, கல்லீரலில் இருப்பதை அதற்கு மேலேயும் ஒரு முறை காட்டும். இவற்றைப் பிரித்தறிவதில்தான் ஆராய்ச்சியாளர்களின் காலம் போகிறது. நம் ஐஐடி மெட்ராஸின் சுகாதாரத் தொழில்நுட்பப் புத்தாக்க மையத்தில் உருவான ஆர்ட்சென்ஸ் என்ற கருவி கழுத்துத் தமனி எவ்வளவு விறைத்திருக்கிறது என்று மீயொலியால் அளக்கிறது, படமே காட்டாமல். படத்தைப் பார்த்து முடிவு செய்ய நிபுணர் இல்லாத இடத்துக்கு அது பெரிய உதவி, ஆனால் அப்போது வந்து குவியும் எதிரொலிகளில் தமனியின் சுவர் எது என்று கருவியேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

குறுந்தொகை 121ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. முன்பு ஒரு முறை ஏமாந்த தலைவி, இன்று உண்மையாகவே குறி கேட்கிறது என்று தோழி சொல்லும்போது "மெய்யோ" என்றுதான் தொடங்குகிறாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓயாமல் கத்தும் கருவிகளுக்கு நடுவில் நிற்கும் செவிலியர்களுக்கு அந்த ஒற்றைச் சொல் நன்றாகப் புரியும். பொய்யாக அடித்த மணி, அடுத்து மெய்யாக அடிக்கும் மணியின் மேலும் சந்தேகத்தைப் போட்டுவிடுகிறது.

எட்டாம் வகுப்புக்காரி விடவில்லை. "அப்போ அல்லகுறி எல்லாம் குப்பையா அக்கா?" இல்லை. பித்தப்பையில் கல் இருந்தால் ஒலி அதைத் தாண்டிப் போகாது, பின்னால் கறுப்பாக ஒரு நிழல் விழும். அந்த இடத்தில் கறுப்பாக எந்த உறுப்பும் கிடையாது, ஆனால் மருத்துவர் அந்த நிழலை வைத்துத்தான் கல் என்று உறுதி செய்வார். நுரையீரல் முழுக்கக் காற்று, மீயொலி உள்ளே நுழையவே முடியாது, ஆனாலும் நீர் கோத்துக்கொண்டால் திரையில் மேலிருந்து கீழாகச் சில வெள்ளைக் கோடுகள் இறங்கும். அப்படிக் கோடாக உள்ளே எதுவும் இல்லை. கொரோனா நேரத்தில் எத்தனையோ மருத்துவர்கள் கட்டிலருகே நின்று அந்தக் கோடுகளை எண்ணினார்கள்.