மறதியா, வேறு ஏதாவதா?

சில மாதங்களுக்குள் மூன்றாவது தடவையாக ஒரு பெண் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டு வருகிறார். தினசரி மாத்திரையை மறந்துவிட்டாராம். சரி என்று சீட்டு எழுதிக் கொடுப்பது சுலபம். அந்தத் தினசரி மாத்திரையை வீட்டில் யாராவது குப்பையில் போட்டிருந்தால்?

ஒரு பெண் எப்போது கருத்தரிக்கலாம், கூடாது என்பதை இணையரோ வீட்டாரோ மிரட்டியும் ஏமாற்றியும் முடிவு செய்வதற்கு ‘இனப்பெருக்க வற்புறுத்தல்’ என்று பெயர். ஆணுறையில் ஓட்டை போடுவது, கருவைக் கலைக்கச் சொல்லி மிரட்டுவது, கலைக்க விடாமல் தடுப்பது எல்லாம் இதில் சேரும். அமெரிக்க மருத்துவர் எலிசபெத் மில்லர் குழுவினர் வட கலிபோர்னியாவின் குடும்பநல மருத்துவ மையங்களுக்கு வந்த 16 முதல் 29 வயதுப் பெண்களிடம் கேட்டு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 19 சதவீதம் பேர் கருத்தரிக்கச் சொல்லி நெருக்கப்பட்டிருந்தார்கள். 15 சதவீதம் பேரின் கருத்தடை வேண்டுமென்றே கெடுக்கப்பட்டிருந்தது.

குடும்ப மருத்துவர் முதலில் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்க்க வேண்டும். கூட வந்தவரே மொழிபெயர்ப்பாளராக இருந்தால் உண்மை வெளியே வராது. “எல்லோரிடமும் கேட்பதுதான்” என்று தொடங்கி, “கர்ப்பமாகச் சொல்லி வீட்டில் யாராவது வற்புறுத்துகிறார்களா?” என்று நேராகவே கேட்கலாம்.

ஆம் என்றால், அடுத்த கேள்வி வேறு மாதிரியானது: எந்தக் கருத்தடை வீட்டில் கண்ணில் படாது? ஊசி மூன்று மாதம் தாங்கும், வீட்டில் ஒளித்துவைக்க எதுவும் இல்லை. ஆனால் மாதவிடாய் நின்றுபோகலாம்; தேதியைக் கணக்கு வைத்திருக்கும் இணையருக்கு அதுவே போதும். கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியைத் தோலுக்கு மேலாகவே தடவிப் பார்த்துவிட முடியும். கருப்பைக்குள் காப்பர்-டி வைத்தால் மாதவிடாய் வந்துகொண்டிருக்கும், சிலருக்கு இரத்தப்போக்கு கூடலாம். அதன் நூலைக் கருப்பை வாய்க்குள்ளேயே நறுக்கிவிட்டால் விரலுக்குத் தட்டுப்படாது, யாரும் பிடித்து இழுக்கவும் முடியாது. பின்னால் எடுப்பது சற்றுச் சிரமம், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவசர மாத்திரையைப் பெட்டியிலிருந்து பிரித்து வெறும் உறையில் போட்டுக் கொடுப்பதும் உண்டு.

“அவரை விட்டு வந்துவிடுங்கள்” என்று மருத்துவர் அவசரப்படக் கூடாது. பிரியும் நேரத்தில்தான் பல சமயம் வன்முறை கூடுகிறது. பிரிவதா, எப்போது, எப்படி என்பதை அந்தப் பெண்தான் தீர்மானிக்க வேண்டும். உதவி மையத்தின் எண்ணைக்கூட அவர் விரும்பினால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்புறம், கிளம்பும் முன் ஒன்று கேட்க வேண்டும்: அடுத்த ஊசிக்கான நினைவூட்டல் குறுஞ்செய்தியை எந்த எண்ணுக்கு அனுப்பலாம், அந்த போனை வேறு யார் பார்ப்பார்கள்?